வெறும் வயிறு, சாப்பிட்ட பின்

புதுவயலில் காலை ஏழு மணிக்கே
நெல் அவியும் வாடை
ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஷட்டருக்குள்
எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும்.

அன்று திங்கள்.
முதல் ஆள் எடைமேடை வெள்ளைக்கண்ணு.
பையில் டாக்டர் சீட்டு, காதில் பேனா.
என் பெயரட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார்:
மை... மூ... னா.
பிறகு, லாரியின் எடையைக் கூவும் அதே குரலில்,
"நீங்கள்லாம் எப்ப ஒங்க ஊருக்குப் போவீக?"

இன்னும் இரண்டு சொன்னார்.
அவற்றை எழுதவில்லை.
எழுதினால்
இரண்டாம் தரம் சொன்னது நானாகிவிடுவேன்.

கையில் ஊசி.
அவர் முழங்கை மடிப்பில் நரம்பு
நழுவி நழுவி ஒளிந்தது.
சற்றே அழுத்திக் குத்தினால் கேட்க ஆளில்லை.
நரம்பு கிடைக்கலை என்றால் போதும்.

கோபம் வந்தால்
நின்றிருப்பவர் உட்காரட்டும் என்று
சொல்லித் தந்த மார்க்கம் என்னுடையது.
இருந்ததோ ஒரே ஸ்டூல்.
அதில் அவர்.

ஏச வருபவரிடம் நோன்பாளி
சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு.
திங்கட்கிழமைகளில் அது எனக்குப் பொருந்தும்.
"நான் நோன்பு" என்றேன்.
அடக்கமாக வந்த குரல் இல்லை அது,
நடுங்கி வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
"நானுந்தாம்மா. ராத்திரி எட்டு மணியிலேருந்து
பச்சத்தண்ணி பல்லுல படலை."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.
ஊசி நெருங்க, அவருடைய மற்றக் கை
காற்றில் எதையோ தேடி
என் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டது.
நரம்பு அகப்பட்டது.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு வாங்க."

அந்த இரண்டு மணி நேரமும்
பதில் தயாரித்தேன்.
பள்ளத்தூருக்கா? சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுக்கு.
என் பூட்டனும் உங்க மில் முதலாளியோட பூட்டனும்
ரங்கூனுக்கு ஒரே கப்பல்லதான்
வாந்தி எடுத்துக்கிட்டே போனாக.
இப்படி ஏழு.
ஏழாவது நல்ல கூர்.

அந்த மாதிரி ஒன்றைப்
போன வருஷம் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.
வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
இரண்டு நாள் நாக்கு இனித்தது.
அவர் அப்புறம் சோதனைக்கு வரவேயில்லை.
கால் விரலில் புண்,
காரைக்குடி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று
மருந்துக்கடைப் பையன் சொன்னான்.
என்னால் என்று சொல்லமாட்டேன்.
என்னால் இல்லை என்றும்.

குழாயைத் திறந்தேன், காற்று வந்தது.
பாட்டில் தண்ணீரில் ஒளு செய்தேன்.
கொப்பளித்ததில் கொஞ்சம் போனது,
முகத்தோடு கொஞ்சம்.
மீதிக் கோபம் முழங்கைக்கு மேலே போய் நின்றுகொண்டது.
தண்ணீர் அதற்கு மேல் ஏறாது.

பத்தரைக்கு வந்தார்,
மீசையில் சாம்பார் வாடையோடு.
காலைச் சீட்டை நீட்டினேன்: இருநூற்றுப் பன்னிரண்டு.
"ஒங்க மிஷின் சரியாத்தான் இருக்கா?"
"இருக்கு."
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு எண் இருக்கலாம் என்பதுபோல.
பயந்த ஆளுக்கு ஏதாவது பேசியாக வேண்டும்.

"நோன்புன்னா எச்சிகூட முழுங்கக் கூடாதாமே?"

"முழுங்கலாம்" என்றேன்.
முழுங்கியும் காட்டினேன்.
ஏழு பதில்களில் ஐந்து அதோடு இறங்கின.
மிச்சம் இரண்டு இன்னும் தொண்டையில் இருக்கின்றன,
பள்ளத்தூர் பஸ் அதில் ஒன்று.

"எந்தக் கை?"

காலையில் கொடுக்காத கையை நீட்டினார்.
கண்ணை மூடிக்கொண்டார்.

முக்காட்டின் நுனியை
எட்டுகிற தூரத்தில் விட்டுவைத்தேன்.