செயப்படுபொருள்

லொசானில் வியாழன் மாலை வகுப்பு.
மருத்துவமனைச் சமையலறையில் பாதிப்பேர் ஸ்பானியம்;
என்னைத்தான் திட்டுகிறார்களா
என்றறியச் சேர்ந்தேன்.

இன்று வினைச்சொல்: தெசாபரெசெர்.
பனி மறையும், பசி மறையும்,
ஆறாம் இலக்கப் பேருந்து மறையும்.
தானாக நடப்பது. யாரை, எதை என்று கேட்க முடியாது
என்றாள் இக்னாசியா.
பிறகு மார்க்கரை மூடினாள், திறந்தாள்.
சிலேயில் கேட்டோம். எழுபத்து மூன்று,
செப்டெம்பருக்குப் பிறகு.
பலகையில்:
‘எர்னானை மறைந்தார்கள்.’
இலக்கணப் பிழை மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும்.
எர்னான் என் சித்தப்பா.

மதாம் ரொஷா கைதூக்கினார்:
இது முடிந்த இறந்தகாலமா, முடியாததா?
இக்னாசியா அவரைப் பார்த்தாள்,
கொஞ்சம் அதிக நேரம்.
ரேடியேட்டர் டொக்கென்றது.

நான் கொப்பியின் ஓரத்தில் தமிழில் எழுதினேன்:
காணாமல் போனார்.
‘போனார்’ மேல் கோடிழுத்து, ஆக்கப்பட்டார்.
கச்சேரிப் படிவத்திலும் அக்கா இப்படித்தான்
அச்சடித்த சொல்லை வெட்டிவிட்டு எழுத,
இடம் போதாமல்
கட்டத்துக்கு வெளியே போயிற்று
அத்தானின் வினைச்சொல்.

மெட்ரோவில் வீட்டுப்பாடத்தைப் பிரித்தேன்.
இதே வினையில் ஐந்து வாக்கியம்.
தன்மை ஒருமையில் தொடங்கச் சொல்லியிருந்தது.