நீக்கப்பட்டது

கல்லூரியை மூடுகிறார்கள்.
நூலகத்தின் மூன்றாம் தளத்தில் எனக்கு
ஒரு ரப்பர் முத்திரை, சிவப்பு மைப்பெட்டி,
மணிக்குப் பதினாறு டாலர்.
முதல் பக்கத்தைத் திறந்து
'நீக்கப்பட்டது' என்று குத்த வேண்டும்.
குத்தியது பெட்டிக்குள்.
பெட்டி நிறைந்தால் ஓடிலைக் கூப்பிட வேண்டும்.

ஓடில் தெரியோ
இருபத்தாறு ஆண்டு இந்தத் தரையைத் துடைத்தவள்.
இந்த வாரம் தள்ளுவண்டி.
அதன் ஒரு சக்கரம் வலப்பக்கமே இழுக்கிறது,
அதை அவள் பிரெஞ்சில் திட்டுகிறாள்.

நாடகங்களில் தொடங்கினேன்.
ஒரே கிரேக்க நாடகம், பதினொரு பிரதி,
தோல் உரிந்த மலிவு அட்டை.
ஒன்றில்
தூதன் பேசும் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் கோடு.
யாருக்கோ அந்த வேடம்தான் கிடைத்திருக்கிறது:
அரண்மனைக்குள் நடந்ததைப் பார்த்துவிட்டு
ஓடிவந்து சொல்லிவிட்டுப் போகிறவன்.
ஓரத்தில் நீல மையில்,
'இங்கே மூச்சிரைக்க வேண்டும்.'
கீழே சின்னதாக,
'அம்மா மூன்றாம் வரிசை, அங்கே பார்க்காதே.'
குத்தினேன்.

திறனாய்வு அடுக்கில் தூசு கனம்.
எல்லாம் பேராசிரியர் க்ராஸ்கப் நன்கொடையாய்த் தந்தவை,
எல்லாவற்றிலும் அவருடைய பென்சில்.
'இல்லை.'
'இல்லை.'
'இவர் நாடகத்தைப் படித்தாரா?'
'இல்லவே இல்லை.'
ஒரு தடித்த நூலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை
இப்படியே சண்டை.
அங்கே திடீரென்று
'ஐயோ, சரிதான்.'
அதற்குப் பிறகு நூற்றெண்பது பக்கம்,
ஒரு புள்ளிகூட இல்லை.
படித்தாரா, மூடிவைத்தாரா, தெரியவில்லை.
குட்டைப் பென்சில் மட்டும்
அந்தப் பக்கத்திலேயே படுத்திருந்தது,
தாளில் அதன் பள்ளம்.

பதினொன்றரைக்குச் சமூக வரலாறு வந்தது.
இந்த ஆற்றங்கரைச் செருப்பு ஆலைகளைப் பற்றி
ஐந்நூறு பக்கம்.
நன்றியுரையில் ஆவணக் காப்பாளர்கள் ஒன்பது பேர், பெயரோடு.
தட்டச்சு செய்த மனைவி,
பெயர் இல்லாமல்.

ஓடில் வண்டியை நிறுத்தி
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
பதினேழாம் அட்டவணை.
பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள்,
கூலி, நோய்நாள், விபத்து.
விரல் இழந்தோர்: ஏழு.

"எட்டு" என்றாள்.

அப்பாவின் அக்கா, லியோனி.
தோல் வெட்டும் அச்சு சுண்டுவிரல் நுனியைக் கொண்டுபோனது.
சொன்னால் வேலை போகும்.
துணியைச் சுற்றிக்கொண்டு
மறுநாள் காலைச் சங்கு ஊதும் முன்பே
வாசலில் நின்றாளாம்.
கல்யாணப் படத்தில்கூட அந்தக் கை
பூங்கொத்துக்குப் பின்னால்.
"யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
சொல்லியிருக்க மாட்டாள்."

எடுத்துக்கொண்டு போ என்றேன்.
கணக்கில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்.
"நான் எதற்கு? எனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

எழுதிய புத்தகங்களை எடைக்காரன் எடுப்பதில்லை,
அவை கூழாலைக்குப் போகும்.
அதையும் சொன்னேன்.
அவள் கை நீட்டினாள்.
பேராசிரியரின் குட்டைப் பென்சிலைக் கொடுத்தேன்.

ஏழை அடித்தாள்.
எட்டு எழுதினாள், ரொம்ப மெல்லிசாக,
அச்செழுத்தின் அளவுக்கு.
அடியில் கூட்டுத்தொகை இருந்தது,
நாக்கைக் கடித்துக்கொண்டு
அதையும் திருத்தினாள்.

முத்திரையை எடுத்தேன். மை காய்ந்திருந்தது,
அல்லது நான் அழுத்தவில்லை.
'நீக்க' வரைதான் விழுந்தது.
இரண்டாம் முறை குத்தாமல்
நடுவில் செருகினேன்,
இரண்டு திறனாய்வு நூல்களுக்கு இடையே,
எடைக்காரன் புரட்டிப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கையில்.

அடுத்த பக்கத்தில் விழுக்காடுகள் இருந்தன.
அவையும் மாறும் என்று இருவருக்கும் தெரியும்,
வகுத்துப் பார்க்கக் காகிதம் தேடினோம்.
அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.