உப்பு

பெயரிலேயே சர்க்கரை இருக்கிறது,
அதற்கு வெர்லீன் என்ன செய்வாள்?
தோலோடு சுட்ட கிழங்கைப் பிளந்து வழித்து
முள்கரண்டியால் மசிக்கிறாள்.
நார் அகப்பட்டால் வைதுகொண்டே எடுத்துப் போடுகிறாள்.
வெண்ணெய் பழுப்பேறி
வறுத்த முந்திரி வாசம் வரும் நொடியில்
நசுக்கிய பூண்டு, சேஜ் இலை. சட்டி சீறுகிறது.
மிளகு. இன்னும் கொஞ்சம் மிளகு.
உப்பு, கை சொல்கிற அளவு.

வட கரோலினாவில் நன்றி நாள்.
நாத்தனார் ஒடெஸா கொண்டுவந்த தட்டில்
அதே கிழங்கு
மார்ஷ்மெல்லோ போர்த்தித் தூங்குகிறது.
பதினோரு வருடமாக
இரண்டும் ஒரே மேசையில்தான்,
பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த முறை
யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து
ஒடெஸாவின் கரண்டி
இந்தப் பக்கம் நீண்டது.
மறுபடியும் நீண்டது.

வெர்லீன் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புக்குப்பியை மட்டும்
அவள் பக்கம்
ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.