காரணக் குறியீடு 09

பாடம் மாற்றும் வாரத்தின் கடைசி வெள்ளி.
பன்னிரண்டு மணிக்குக் கணினி பூட்டிக்கொள்ளும்.
மூன்றாம் கவுன்டரில் நான்.
கண்ணாடிக்கு வெளியே ராஸ் அல் கைமா
வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது,
பலமுறை அழித்து எழுதிய விண்ணப்பம் மாதிரி.

மாற்றுவதற்குக் காரணம் வேண்டும்.
பட்டியலில் எட்டு உண்டு:
நேர மோதல், உடல்நிலை, கட்டணம், தேர்ச்சியின்மை இப்படி.
பிடித்திருக்கிறது என்பது அதில் இல்லை.
அப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்களை
ஒன்பதில் போடுவேன்.
ஒன்பது என்றால் மற்றவை.

காலையில் முதல் ஆளாக ரமீஸ்.
நான்கு பருவத்தில் ஐந்தாவது மாற்றம்.
கட்டடக்கலை, வணிகம், உளவியல்,
திரும்பவும் வணிகம், இப்போது ஸ்பானிஷ்.
ஸ்பானிஷ் வகுப்பு மதியத்துக்கு மேல்தான்.
"இந்த முறை நிச்சயம், மேடம்."
போன முறையும் இதே சட்டைதான் போட்டிருந்தான்.
கேட்டதையெல்லாம் கொடுப்பதா சுதந்திரம் என்று
அடுத்த இருக்கை மரிசெல் முணுமுணுத்தாள்.
ஒன்பது போட்டேன்.

பதினொன்றரைக்கு அவர் வந்தார்.
பூட்ஸில், புருவத்தில், காதுமடலில்
சுண்ணாம்புக்கல்லின் வெள்ளைத் தூள்.
செங்கோட்டுவேல். ஊர் நாமக்கல் பக்கம்.
மலையடி கிரஷரில் பத்தொன்பது வருஷம்.
மகள் கனிஷ்கா கணக்கியலை விட்டுவிட்டாளாம்.
நேற்று நான்தான் மாற்றிக் கொடுத்தேன்.

"ஜியாலஜின்னா கல்லுங்களா?"
"கல், மண், மலை எல்லாம்."
"கல்லுல என்னங்க இருக்குது படிக்க?
ஒடைச்சா ஜல்லி.
இன்னுங் கொஞ்சம் ஒடைச்சா எம்-சாண்டு."

பதினெட்டு தாண்டியவர்களின் பாடத்துக்கு
அவர்கள் கையெழுத்து மட்டுமே செல்லும் என்றேன்.
தலையாட்டினார்.
"கையெழுத்து அவளுதுங்க. செக்கு என்னுது."

என் விதிப்புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுப்
போனில் பெருக்கினார்.
திர்ஹாமை ரூபாயாக்கவில்லை.
நேரே ஓவர்டைமுக்குப் போனார்:
பதினோரு ஞாயிற்றுக்கிழமை.

நான் புள்ளியியல் படித்தவள்.
எங்கள் தெருவிலிருந்து புறப்படும் பஸ்
அந்தக் கல்லூரி வாசலில்தான் நின்றது.
வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை.
பஸ் வற்புறுத்தியது.
மூன்று வருஷம் சராசரிக்கும் இடைநிலைக்கும் நடுவே
கொட்டாவியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அதில்தான் இந்தச் சோறு.
ஆகவே அவரிடம் சொல்ல
என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன.
இரண்டும் உண்மை.
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
மகள் நினைத்தால் இப்போதுகூடத்
திரும்ப மாற்றலாம், கூப்பிடுங்கள் என்றேன்.
போனை எடுத்தார். அவள் பெயர்வரை போனார்.
அழுத்தவில்லை.
கண்ணாடித் துளைக்குக் குனிந்து
குரலைத் தாழ்த்தினார்:

"மேல வெடி வெச்சா
சில கல்லுக்குள்ள கிளிஞ்சலு இருக்குதுங்க.
சின்னதா, வரி வரியா, முழுசா.
கடலு எங்கியோ கெடக்குது.
அது எப்படி மலை ஏறுச்சுன்னு
இந்தப் பாடத்துல சொல்லுவாங்களா?"

"சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்."

"நானு அதையுஞ் சேத்துத்தான்
கிரஷருல போட்டுட்டிருக்கறேன்."
புகார் மாதிரி இல்லை, வருத்தம் மாதிரியும் இல்லை.
உடனே நிமிர்ந்து,
"தவணை எத்தனைங்க? இதுக்கு வேலை கெடைக்குங்களா?"
நான்கு என்றேன், முதல் கேள்விக்கு.

பன்னிரண்டு.
திரை சாம்பலாகி உறைந்தது.
கனிஷ்கா செங்கோட்டுவேல், நிலவியல், 09.

அவர் போன பிறகு பார்த்தேன்,
கவுன்டர் விளிம்பில்
இரண்டு முழங்கைகளின் வெள்ளை.
மரிசெல் ஈரத்துணியை நீட்டினாள்.
துடைத்தேன்.
கொஞ்சம் நரநரத்தது.