தண்ணிக் கழிவு

உப்புப் போத்தல் நேற்றே கசிந்துவிட்டது.
அடுப்புப் புகை எழும்பாமல்
காம்பிராத் தரையோடு படுத்தது.
ஏழாம் நம்பர் மலையில், பகல் பத்து மணிக்கே,
அட்டை முழங்காலைத் தாண்டியது.

பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறினால் வெயில்,
உச்சியிலிருந்து இறங்கினால்
படங்கை இறுக்கிக் கட்டு.
இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.
சண்டையெல்லாம் ஈசலால்.
பறந்தால் மழை வரும் என்பாள் யோகமலர்.
பறந்தால் மழை விட்டுவிட்டது என்பாள் அங்காயி.
ஈசலும் ஆளுக்கொரு நாள்
சாட்சி சொல்லியிருக்கிறது.
தவளையை யாரும் கேட்பதில்லை.
இந்த மலையில் அது என்றைக்குக் கத்தாமல் இருந்தது?

தராசுக்காரருக்கு வானம் பார்க்கத் தேவையில்லை.
மழை பெய்தால் கொழுந்தில் தண்ணி, மூன்று கிலோ கழிவு.
வெயில் அடித்தால் சாக்கில் ஈரம், இரண்டு கிலோ கழிவு.
எங்கள் தோட்டத்தில் ஒருநாளும் பிழைக்காத
முன்னறிவிப்பு அதுதான்.

அன்றிரவு
கொட்டுகிற மழைக்கு நடுவே
லயத்துக்குப் பின்னால் பீலி நின்றது.
மழையில் பீலி வற்றுமா?
அதற்கு எங்களிடம் பழமொழி இல்லை.
அங்காயி வாளியோடு
நனைந்துகொண்டே நின்றாள்.
பிறகு சொட்டத் தொடங்கியது,
பிளேன்டீ நிறத்தில்.
யோகமலர் மறுத்துப் பேசவில்லை.
அதைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

பதினான்கு காம்பிராவையும் தட்டினோம்.
டிலக்சனின் போனில் சிங்களத்தில் ஒரு செய்தி
மாலையிலிருந்து கிடந்தது,
விடிந்ததும் யாரிடமாவது கேட்கலாம் என்று.
கோழிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு
பிள்ளைமடுவத்துக்கு நடந்தோம்.
ஒருவரும் தூங்கவில்லை, கோழிகளைத் தவிர.

விடிந்தபோது லயம் இருந்தது.
பின்சுவர் இருந்தது.
பத்தடி மேலே நாலு நிரைத் தேயிலை
வேரோடு வழுக்கி வந்து
பீலியின் மேல் உட்கார்ந்திருந்தது,
ஒன்றும் நடக்காததுபோல்
கொழுந்தை நீட்டிக்கொண்டு.

பிரட்டுக்குப் பிந்திப் போனோம். அரைப்பேர்.
மாலையில் தராசில் சாக்கை வைத்தேன்.
ஈரம், என்றார்.
பீலி நின்றதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்றேன்.
அவர் கொப்பியில் அதற்குக் கட்டம் இல்லை.
மூன்று என்று போட்டார்.

இப்போது ஈசலை விட்டுவிட்டார்கள்.
பீலி நின்ற சத்தத்தை
முதலில் கேட்டது யார் என்று
யோகமலருக்கும் அங்காயிக்கும்
மலையேறும் வரை சண்டை.