எவ்வளவு காற்று

சிதம்பரம் ரோட்டில் என் பஞ்சர் கடை.
வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே கேட்பார்கள்,
"ஆள் இல்லையாம்மா?"
நான்தான் ஆள்.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால்
ஓரிடத்தில் சீரகம் சீரகமாய்க் குமிழ் வரும்.
அந்த இடத்தைப் பென்சிலால் குறிப்பேன்.
என் நெஞ்சில் அப்படி ஓர் இடத்தை
இதுவரை யாரும் குறித்துக் காட்டியதில்லை.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
செவ்வாயும் வெள்ளியும் மூச்சுப் பயிற்சி.
மாத்திரை வரிசைக்குப் பின்னால் ஒரு அறை,
ஓரம் பிரிந்த பச்சை ஜமுக்காளம்.
துறைமுகத்தில் விஞ்சு ஓட்டிய ஹபீபுல்லா பாய்,
சத்துணவுக்கூடத்து ஜெயசித்ரா,
தேவனாம்பட்டினத்திலிருந்து ஏழாவது படிக்கும் ஆல்வின்.
எல்லோர் மடியிலும் ஒரு நீல இன்ஹேலர்.

டாக்டர் பெனசீர் முதல் நாளே சொன்னாள்:
இது மருந்துக்குப் பதில் இல்லை, மருந்தோடு.
மூச்சை அடக்கிப் பிடிக்கிற வித்தை
நமக்கு வேண்டவே வேண்டாம்.
இழுக்க இரண்டு எண்ணுங்கள்,
விட நாலு.

நாலா?
இருபது வருடமாய் இழுப்பு என்றே பேர் வைத்து
இழுத்துக்கொண்டே கிடந்தவள் நான்.
"உங்களுக்கு விடத்தான் வரலக்கா" என்றாள்.
"பழைய காத்து உள்ளயே நிக்குது,
புதுசு எங்க உக்காரும்?"

சிரிப்பு வந்துவிட்டது.
லோடு வண்டிக்காரர்களிடம் நான் சொல்வதும் அதுதான்,
அதிகம் அடிச்சிருக்கண்ணே, கொஞ்சம் விடு.
வால்வு ஊசியை அமுக்கினால்
நாகப்பட்டினத்தில் பிடித்த காற்று
உஸ்ஸென்று என் கட்டைவிரலில் இறங்கும்.

பிறகு வண்டு மாதிரி முரலச் சொன்னாள்.
காதை மூடி, வாயை மூடி, ம்ம்ம்.
பாயின் ம்ம்ம் சரக்குத் தூக்குகிற மாதிரியே கேட்டது.
ஆல்வின் சிரித்தான், சிரிப்பு இருமலாச்சு,
இருமல் நிற்கிற வரைக்கும்
நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
ஏழாவது வரி:
காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யவும்.
நான் கேட்டேன், "எந்த ஜன்னல மேடம்?"
எங்கள் பக்கம் தெற்கே கம்பெனிகள்.
திங்கள் ராத்திரி அழுகின பலாப்பழம்,
புதன் ராத்திரி நகப்பாலிஷ்,
பேர் தெரியாத ஒன்றும் உண்டு,
அது வந்தால் வாசல் நாய்கூட எழுந்து நடக்கும்.
பெனசீர் ஒன்றும் பேசவில்லை.
பேனாவை எடுத்து என் தாளில் ஏழாவது வரியை அடித்தாள்.
அப்புறம் ஜெயசித்ராவின் தாள். பாயின் தாள்.
ஆல்வின் தானே அடித்துக்கொண்டான்,
ஸ்கேல் வைத்து.

போன புதன் கரண்ட் போனது.
அந்தப் பேர் தெரியாத நாற்றம் வந்தது,
நெஞ்சில் யாரோ ரிஞ்சு போட்டு முறுக்குகிறார்கள்.
இருட்டில் துழாவினேன். முதலில் மருந்து.
குலுக்கி, ஒரு அழுத்து.
இன்னொன்று.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்து
உதட்டைக் குவித்து விட்டேன், ஒன்று, இரண்டு,
மூன்று வரவில்லை.
மறுபடி. மூன்று.
நாலு எப்போது வந்தது என்று தெரியாது.
நாய் திரும்பி வந்து படுத்தது மட்டும் தெரியும்.

விடிந்து கடை திறந்தால் முதல் வண்டி ஒரு பல்சர்,
நைட் ஷிப்ட் முடித்த பையன், காக்கிச் சட்டை,
பாக்கெட்டில் கம்பெனி அடையாள அட்டை.
திட்டலாம் என்று வாய் வரை வந்தது.
குனிந்து மூடியைக் கழற்றுகிறேன், எங்கேயோ
மெல்லிசாய் ஒரு விசில்.
முன் டயரில் காதை வைத்தேன். இல்லை.
பின் டயர். அதுவும் இல்லை.
நிமிர்ந்தேன்.
அவன் வாயைப் பாதி திறந்து நின்றிருந்தான்,
தோள் ஏறி இறங்க.

"எவ்வளவுக்கா அடிப்பீங்க, முப்பதா?"
முப்பதுதான் அடித்தேன்.
காசைத் தடவி எடுத்தவனிடம்,
"தம்பி, செவ்வாய்க்கிழம உனக்கு லீவா?"