குதி

ஐம்பது பெயர்கள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.
நாற்பத்தொன்பது எழுதியாகிவிட்டது.
டயர் கடைக்கு மேலே எங்கள் அறை.
கிளைபெடா துறைமுகத்துக் காற்று
ஜன்னலைத் தட்டித் தட்டி
இன்னும் யார், இன்னும் யார் என்கிறது.

மிச்சம் தௌமந்தாஸ்.

முப்பத்தாறு வயது. போன பிப்ரவரியில்
யாரும் தொடாமலே விழுந்தான்.
பின்னாலிருந்து எவனோ உதைத்தான் என்று நினைத்துத்
திரும்பிப் பார்த்தான்.
வெறும் தரை.
குதியில் அறுந்தது குதிப்பு.
களத்தோர மேசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.
அந்தச் சத்தத்துக்கு என் தாளில் கட்டம் இல்லை.

ஜிவிலே ஒன்பது என்கிறாள்.
"ரீகாவில் இரண்டு விநாடி இருக்கும்போது அடித்தானே,
அதற்குள் மறந்துபோயிற்றா?"
அல்விதாஸ், வாயில் ஹெர்ரிங் மீனோடு,
பட்டியலிலேயே வேண்டாம் என்கிறான்:
"நன்றி சொல்ல வேறு பக்கம் இருக்கிறது.
இது வரப்போகும் பருவத்துக்கு."
இருவர் சொல்வதும் சரி.
சரியான இரண்டைக் கூட்டி இரண்டால் வகுத்தால்
முப்பது சொச்சம் வருகிறது.
முப்பது சொச்சம் என்று ஒரு ஆள் உண்டா?

என் நோட்டில் பதினொரு பேர்,
இதே காயம், இதே வயது.
நால்வர் திரும்பினார்கள்.
ஒருவன் நன்றாகத் திரும்பினான்.
எல்லோரும் எனக்கு அந்த ஒருவனைத்தான் காட்டுகிறார்கள்.

புதன் காலை பயிற்சி பார்க்கப் போனேன்.
படியில் பக்கவாட்டாக இறங்கி வந்தான்,
கைப்பிடியைத் தொடாமல்,
ஆனால் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே.
இடது காலணியை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினான்.
எறிந்தான். விழுந்தது. எறிந்தான். விழுந்தது.
கைக்கு யாரும் வயதைச் சொல்லவில்லை போலும்.

பிறகு ஐந்துக்கு ஐந்து.
அஜுவோலாஸ், பத்தொன்பது, பெயருக்குப் பொருள் ஓக் மரம்,
அவனைத் தாண்டிப் பறந்தான்
ஒரு முறை, இன்னொரு முறை,
மூன்றாம் முறை மட்டும் மன்னிப்புக் கேட்பவன்போல் மெதுவாக.
அதற்குத்தான் தௌமந்தாஸுக்குக் கோபம் வந்தது.
"வேகத்தைக் குறைக்காதே.
எங்கே பிந்துகிறேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

அப்புறம்தான் கவனித்தேன்.
பந்து இல்லாத பக்கத்தில் ஓரடி நகர்கிறான்.
ஓரடிதான்.
தடுக்க நிற்பவன், பழைய பயத்தில், கூடவே நகர்கிறான்.
அங்கே ஓர் இடம் திறக்கிறது.
யாரோ ஒருவன் அதில் நுழைந்து
கூடைக்கு அடியில் தனியாக நின்று
தானே ஆச்சரியப்படுகிறான்.
எண்ணினேன். ஏழு முறை.
ஏழு கூடையிலும் தௌமந்தாஸ் பெயர் இல்லை.
இவனுக்கு இடம் தேடி நான் வந்திருக்கிறேன்,
இவன் என்னவென்றால்
இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இதற்கும் ஒரு எண் போட்டுவிடலாம் என்று தோன்றியது.
உடனே சந்தேகம்:
பழைய பயம் எத்தனை ஆட்டத்துக்குத் தாங்கும்?
நவம்பரில் எவனோ ஒருவன் நகராமல் நிற்பான்.
மற்றவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

வாகன நிறுத்தத்தில், கணுக்காலில் ஐஸ் பை,
காருக்கு வெளியே ஒரு கால்.
"எத்தனை போட்டாய்?"
"இன்னும் போடவில்லை."
"அந்தப் பையனுக்கு?"
"பதினேழு."
"பன்னிரண்டு போடு," என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இல்லை, பதினைந்து. இடது கை இன்னும் வரவில்லை."
தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
கதவைச் சாத்தும்போது மட்டும்:
"எனக்குக் கீழே யாரென்று சொல்லாதே.
மேலே இருப்பவர்கள் பெயரை அனுப்பு. எல்லாரையும்."

இரவு முப்பத்தொன்று என்று எழுதினேன்.
அல்விதாஸ் அதிகம் என்றான்.
ஜிவிலே என்னோடு பேசவில்லை.
அதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி, மறைப்பானேன்.
முப்பது பெயர்களையும் தட்டி அனுப்பிவைத்தேன்.

நள்ளிரவு தாண்டி வந்தது பதில், ஒற்றை வரி:
"பதினெட்டாமவன் வலது முழங்காலை
ஒளித்து ஆடுகிறான், பார்த்தாயா?"

பார்க்கவில்லை.
எழுந்து போய்
பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டேன்.